கன்னத்தில் வைக்கும் ஸ்கேன்

சிலாங்கூரின் செரண்டாவிலும் ரவாங்கிலும் பத்தாங் காலியிலும் பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஸ்கேன் புதிதில்லை. படுக்கவைத்து, வயிற்றில் ஜில்லென்று ஜெல் தடவி, கைக்கு அடங்கும் கருவியை மேலே ஓட்டுவார்கள். திரையில் பிள்ளையின் தலை தெரியும், இதயம் துடிப்பது தெரியும். அதே ஒலியலையைக் கன்னத்திலும் உதட்டோரத்திலும் நெற்றிப்பொட்டிலும் செலுத்தினால் முகத்தின் தசைகள் தெரியும். எந்தத் தசை மெலிந்திருக்கிறது, எதில் சதை போய்க் கொழுப்பு ஏறியிருக்கிறது, எது இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்பதை ஊசி குத்தாமல், கத்தி வைக்காமல் அளந்துவிடலாம். நரம்பும் தசையும் சேர்ந்து கெடும் நோய்கள் உள்ளவர்களுக்கு இந்த அளவு மிகவும் தேவை. ஆனாலும் தொடையையும் தோளையும் புஜத்தையும் அளக்கப் பழகிய பிறகுதான் மருத்துவம் முகத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது.

இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் நாம் முகத்தைப் பார்க்கும் விதம். முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். இரண்டு பக்கமும் ஒரே அளவில், ஆண்டுக்கணக்கில், மெதுவாகத் தளர்ந்தால் யாருக்கும் தெரிவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பக்கம் என்று ஒன்று இல்லையே. அப்போது ஊர் அதை நோயாகப் பார்க்காது, குணமாகப் பார்க்கும். சிரிக்காதவள், சிடுமூஞ்சி, எந்நேரமும் தூக்கக் கலக்கம், குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள். வீட்டிலேயே சொல்வார்கள். அப்படித் தீர்ப்புக் கேட்டே வளர்ந்த ஒருவர், தன் முகத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லவும் மாட்டார். தன் குணமே அப்படித்தான் என்று அவரே நம்பியிருப்பார்.

ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு அந்த நிலத்தில் வீடமைப்பும் வந்தது. அவள் சுங்கை சோ பக்கம் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறாள். சின்ன வயதில் அவளுக்குப் பலூன் ஊத வராது. விசில் அடிக்க வராது. பொட்டலம் கட்டிய தே ஓ ஐஸை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினால் வாயோரம் காற்று நுழையும், பானம் ஏறாது. தூங்கும்போது இமைகள் முழுதாக மூடாமல் வெள்ளை விழி கொஞ்சம் தெரியும். கல்யாணப் படத்தில் அவள் உதடு பக்கவாட்டில் விரிந்திருக்கிறது, ஓரங்கள் மேலே ஏறவில்லை. முப்பது வயதில் தலைக்கு மேல் பெட்டி தூக்கக் கை எழவில்லை என்று கிளினிக்குக்குப் போகிறாள். தோள் வலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. கவனமான டாக்டர் ஒருவர் முதுகைப் பார்த்து, தோள்பட்டை எலும்பு புடைத்து நிற்பதைக் கண்டு, முகத்துக்கு வருவார். "அக்கா, கண்ணை நல்லா இறுக்கி மூடுங்க." இறுக்கி மூடினால் இமைமுடி உள்ளே புதைய வேண்டும், இவளுக்குப் புதையவில்லை. "கன்னத்த உப்புங்க." உப்பிய கன்னத்தை விரலால் அழுத்தினால் காற்று புஸ்ஸென்று வெளியேறுகிறது. "வீட்டுல வேற யாருக்காச்சும் இப்படி இருக்கா?" அம்மாவுக்கு ஊதாங்குழல் ஊதி அடுப்பு மூட்ட வந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வரும்.

அவளுக்கு இருக்கும் நோயை 1880களில் பாரிஸில் லூயி லாண்டூசியும் ஜூல் தெஜெரினும் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார்கள். முகம், தோள்பட்டை, மேல்கை என்ற வரிசையில் தசைகள் சிதைவதால் அந்த மூன்று உறுப்புகளின் பெயரையே சேர்த்து நோய்க்கு வைத்தார்கள். இன்றைக்குச் சுருக்கமாக எஃப்எஸ்எச்டி என்கிறோம். மரபணு நோய்தான். நான்காம் குரோமோசோமின் ஓரத்தில் ஒரே மாதிரியான டிஎன்ஏ துண்டு திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கும். பெரும்பாலோருக்கு அது பதினொன்று முதல் நூறு வரைகூட இருக்கும். இந்த நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்குப் பத்து அல்லது அதற்கும் குறைவு. அடுக்கு குட்டையாகிவிட்டால், கருவின் ஆரம்ப நாட்களில் வேலை செய்துவிட்டுப் பிறகு அடங்கிக் கிடக்க வேண்டிய டக்ஸ்4 என்ற மரபணு தசைக்குள் மறுபடி விழித்துக்கொள்கிறது. அது உருவாக்கும் புரதம் தசைக்கு நஞ்சு. இந்தச் சங்கிலியை 2010இல்தான் முழுதாகக் கோத்தார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் குடும்பங்களில் பிள்ளைக்குத் தசை நோய் என்றால் உடனே, "சொந்தத்தில் கட்டினதால் வந்தது" என்று பேச்சு எழும். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் திருமணங்கள் சில வகை மரபணு நோய்களின் வாய்ப்பைக் கூட்டுவது உண்மை. எஃப்எஸ்எச்டி அந்த வகை இல்லை. தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து கெட்ட பிரதி ஒன்று வந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பத்து முதல் முப்பது சதவீதம் பேருக்குப் பெற்றோரிடம் இல்லாமலே புதிதாகத் தோன்றுகிறது. யாரைக் கட்டினார் என்பதற்கு இதில் பங்கில்லை.

இன்னொரு நோயும் முகத்தில்தான் எழுதியிருக்கும். அது மையோட்டானிக் டிஸ்ட்ரஃபி. நெற்றிப்பொட்டுக் குழிந்து, கன்னம் ஒட்டி, முகம் நீண்டு, இமை தாழ்ந்து வரும். இறுகப் பிடித்த கையை உடனே விரிக்க முடியாது. பால்வெட்டுக் கத்தியைப் பிடித்த விரல்கள் கத்தியை விட்ட பிறகும் சில நொடிகள் மடங்கியே நிற்கும். பத்தொன்பதாம் குரோமோசோமில் சிடிஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருவது இதன் காரணம் என்று 1992இல் கண்டார்கள். ஐம்பதைத் தாண்டினால் நோய், சிலருக்கு ஆயிரக்கணக்கில் நீளும். தலைமுறைக்குத் தலைமுறை அந்த நீளம் கூடும் என்பதுதான் இதன் கொடுமை. பாட்டிக்குக் கண்புரை மட்டும் இருந்திருக்கும். மகளுக்கு நடு வயதில் கை இறுக்கமும் முகத் தளர்ச்சியும் வரும். பேரப்பிள்ளை பிறக்கும்போதே பாலை உறிஞ்ச வலுவில்லாமல், மேலுதடு கூரையாக மேலே வளைந்து பிறக்கும். மூன்று தலைமுறையும் ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்திருந்தாலும், மூன்றும் ஒரே நோய் என்று யாரும் கோத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலேசியாவின் மலாய், சீன, இந்திய மக்களிடையே இந்தச் சிடிஜி நீளம் எப்படிப் பரவியிருக்கிறது என்று அளந்து 2017இல் வெளியிட்டார்கள். ஆகவே இது ஐரோப்பியருக்கு மட்டும் உரிய சங்கதி என்று தள்ளிவிட முடியாது.

இவ்வளவு செய்தி முகத்தில் இருக்கிறதென்றால், அதை ஏன் இத்தனை காலம் கண்ணால் மட்டும் மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்? முகத் தசையின் அமைப்பே தடை. கையிலும் காலிலும் தசை எலும்பிலிருந்து எலும்புக்குப் போகிறது. ஒரு கருவியைப் பிடித்து இழுக்கச் சொன்னால் எத்தனை கிலோ வலு என்று முள் காட்டிவிடும். முகத்தில் ஒவ்வொரு பக்கமும் இருபதுக்கு அருகில் தசைகள் உண்டு. பெரும்பாலானவை எலும்பில் தொடங்கித் தோலில் போய் முடிகின்றன. தோலை இழுப்பதுதான் அவற்றின் வேலை, அந்த இழுப்புதான் புன்னகை, முகச்சுளிப்பு, கண் சிமிட்டல், ஊதல். தடிமன் சில மில்லிமீட்டர்தான். மற்றத் தசைகளைச் சுற்றி இருக்கும் உறுதியான உறை பெரும்பாலும் இவற்றுக்கு இல்லை. கன்னக் கொழுப்புக்குள் புகுந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மின் ஊசி குத்திச் சோதித்தால் வலிக்கும். சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிக்கலாம் என்றால் முகத்தில் தழும்பு விழும், நரம்பில் படும் ஆபத்தும் உண்டு.

மெல்லும் தசைகள் வேறு சாதி. தாடையை இறுக்கினால் கன்னத்தின் பின்புறம் கல்லாகத் திரளும் தசையும், நெற்றிப்பொட்டில் அசையும் தசையும் தடித்தவை. அவற்றுக்கு வரும் நரம்பும் வேறு. பாவனைத் தசைகளுக்கு ஏழாம் மூளை நரம்பு, மெல்லும் தசைகளுக்கு ஐந்தாம் நரம்பு. இந்தப் பிரிவினை பின்னால் உதவும்.

1862இல் பாரிஸில் டுஷேன் என்ற மருத்துவர் ஒரு முதியவரின் முகத்தில் மின்சாரம் செலுத்தி, தசை தசையாகச் சுருங்க வைத்துப் படம் பிடித்துப் புத்தகமாக வெளியிட்டார். எந்தத் தசை எந்தப் பாவனை என்பது அன்றைக்கே படமாகிவிட்டது. ஆனால் அவருடைய காமிராவுக்குத் தோலுக்கு மேலே நடப்பதுதான் தெரிந்தது. தோலுக்குக் கீழே பார்க்க ஒலி வேண்டியிருந்தது.

உடம்பின் மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. கர்ப்பிணியின் வயிற்றை ஆழமாகப் பார்க்க இரண்டு முதல் ஐந்து மெகாஹெர்ட்ஸ் அலை போதும். அந்த அலை நீளமானது, முகத்தின் மெல்லிய தசையை அதில் பிரித்தறிய முடியாது. அதிர்வெண்ணைப் பதினைந்து மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அவ்வளவு நுட்பமான அலை ஆழம் போகாது, சில சென்டிமீட்டரிலேயே ஓய்ந்துவிடும். முகத்துக்கு அந்த ஆழமே அதிகம். ஆக, கருவியின் பெட்டி ஒன்றாக இருந்தாலும், தோலில் வைக்கும் முனையை மாற்றியாக வேண்டும். வயிற்றுக்கு வளைந்த முனை, முகத்துக்கு நேரான, உயர் அதிர்வெண் முனை.

நல்ல தசை திரையில் கறுப்பாகத் தெரியும். கெட்டுப்போன தசை வெளுக்கும். ஏன் என்பதைத் தோட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்கு எளிதாக விளக்கலாம். நிரை பிடித்து நட்டு, புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கும் ரப்பர்க் காட்டின் ஓரத்தில் நின்றால், மர வரிசைகளுக்கு நடுவே பார்வை மறு எல்லை வரை தடையில்லாமல் ஓடும். கைவிட்ட காட்டில் லாலாங் புல்லும் கொடியும் மண்டி, பார்வை முதல் வரிசையிலேயே முட்டித் திரும்பிவிடும். ஒலியும் அப்படித்தான். ஒழுங்காக அடுக்கிய தசை நார்களுக்கு நடுவே அது ஓடிப் போய், அடியில் இருக்கும் எலும்பில் பட்டுத் தெளிவாகத் திரும்பும். நார்கள் அழிந்து அந்த இடத்தில் கொழுப்பும் நாரிழையும் புகுந்தால், ஒவ்வோர் எல்லையிலும் ஒலியின் ஒரு பங்கு சிதறித் திரும்பிவிடுகிறது. மேற்பகுதி வெளுத்து, அடியில் எலும்பே மறைந்துவிடுகிறது.

லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஹெக்மட்டும் விக்டர் டுபோவிட்ஸும் தங்கள் குழுவோடு 1982இல் இதை நான்கு படிகளாக வகுத்தார்கள். எலும்பு தெளிவாகத் தெரியும் கறுத்த தசை முதல் படி, எலும்பே தெரியாமல் வெளுத்துப்போன தசை நான்காம் படி. குழந்தைகளின் தொடையைப் பார்க்க ஏற்பட்ட வகைப்பாடு அது. முகத்தில் பல தசைகளுக்கு நேர் கீழே எலும்பு இல்லை, கொழுப்புதான் இருக்கிறது. அதனால் கண்ணால் படி போடுவதை விட்டுவிட்டு, படத்தின் சாம்பல் நிறத்தையே கணினியால் எண்ணாக்குவது முகத்துக்குச் சரியான வழி. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255. தசையின் எல்லைக்குள் இருக்கும் புள்ளிகளின் சராசரியை எடுத்து, அதே வயதும் பாலும் உள்ள நலமானவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் சீக்ரிட் பில்லனும் நென்ஸ் வான் ஆல்ஃபனும் இந்த எண்ணளவு முறையை வளர்த்தெடுத்தார்கள். ஜெர்மனியின் யேனா நகரில் முகவாதம் பார்க்கும் மருத்துவர் குழு முகத் தசைகளுக்கென்றே, ஓய்வில் எவ்வளவு, சுருங்கும்போது எவ்வளவு என்ற சராசரி அளவுகளை 2014இல் வெளியிட்டது. ஒலிப்படத்தின் சிறப்பு அதில்தான் இருக்கிறது. நோயாளியைச் சிரிக்கச் சொல்லிவிட்டு, சிரிக்கும் தசை எவ்வளவு தடிக்கிறது என்பதை அந்த நொடியிலேயே பார்க்கலாம்.

எம்ஆர்ஐ அதைச் செய்யாது. அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எச்சில் விழுங்கினாலும் இமைத்தாலும் படம் கலங்கும். பல்லில் உலோகம் அடைத்திருந்தால் அதைச் சுற்றிப் படம் கோணும். மூச்சுத் தசையும் தளர்ந்தவர்களால் மல்லாந்து படுக்கவே முடியாது. மையோட்டானிக் நோயில் இதயத் துடிப்பின் மின்பாதை கெடுவதால் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் உண்டு, அவர்களைக் காந்தத்துக்குள் அனுப்புமுன் அந்தக் கருவி ஏற்றதா என்று பார்த்தாக வேண்டும். இத்தனை இருந்தும் எம்ஆர்ஐ தருவதை ஒலியால் தர முடியாத இடம் ஒன்று இருக்கிறது. ஒலிப்படத்தில் வெண்மை தெரிகிறது, அது கொழுப்பா நாரா என்று தெரியாது. எம்ஆர்ஐ கொழுப்பைத் தனியாகப் பிரித்துச் சதவீதமாகச் சொல்லும்.

அந்தத் தந்திரத்தை 1984இல் தாமஸ் டிக்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டுபிடித்தார். நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. எம்ஆர்ஐ கேட்பது ஹைட்ரஜன் அணுக்கருக்களின் சுழற்சியை. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனும் கொழுப்பில் உள்ள ஹைட்ரஜனும் ஒரே காந்தத்துக்குள் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. 1.5 டெஸ்லா கருவியில் வித்தியாசம் நொடிக்குச் சுமார் 220 சுற்று. சேர்ந்து புறப்பட்டாலும் 2.3 மில்லிநொடியில் இரண்டும் எதிரெதிராக நிற்கும், 4.6 மில்லிநொடியில் மறுபடி சேர்ந்துகொள்ளும். எதிராக நிற்கும்போது ஒரு படம், சேர்ந்து நிற்கும்போது ஒரு படம். முதல் படம் தண்ணீரிலிருந்து கொழுப்பைக் கழித்தது, இரண்டாவது தண்ணீரோடு கொழுப்பைக் கூட்டியது. கூட்டலும் கழித்தலும் தெரிந்த பள்ளிப் பிள்ளை இரண்டையும் வைத்துத் தண்ணீரைத் தனியாக, கொழுப்பைத் தனியாக எடுத்துவிடும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் கொழுப்புச் சதவீதம் கிடைக்கிறது. இன்னொரு வகைப் படத்தில் கொழுப்பின் ஒளியை அணைத்துவிட்டு நீர் கோத்த தசையை மட்டும் பளிச்சென்று காட்டலாம். சதை இன்னும் போராடிக்கொண்டிருக்கும் இடம் அது. கொழுப்பான தசை திரும்பாது. நீர் கோத்த தசைக்கு, மருந்து என்று ஒன்று வந்தால், வாய்ப்பு இருக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் சதுரப் புள்ளிகளால் ஆன எம்ஆர்ஐ படத்தில், இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள உதட்டுத் தசைக்கு இரண்டே புள்ளிகள்தான் கிடைக்கும். அவற்றிலும் பக்கத்துக் கொழுப்புக் கலந்துவிடும். அதனால் தடித்த மெல்லும் தசைகளுக்கும் நாக்குக்கும் எம்ஆர்ஐ, மெல்லிய பாவனைத் தசைகளுக்கு ஒலி என்று பங்கு பிரித்துக்கொள்வதே சரி என்பது என் கணிப்பு. ஒன்று மற்றதை விழுங்கப் போவதில்லை.

முன்பு சொன்ன இரண்டு சாதித் தசைகள் இப்போது உதவிக்கு வருகின்றன. எஃப்எஸ்எச்டியில் பாவனைத் தசைகள் வெளுத்திருக்கும், மெல்லும் தசைகள் பெரும்பாலும் நன்றாக இருக்கும். உதட்டை ஊத முடியாதவள் கரும்பை நன்றாகவே கடிப்பாள். மையோட்டானிக் நோயில் நெற்றிப்பொட்டுத் தசையும் தாடைத் தசையும் முன்னால் போய் நிற்கும். டுஷேன் தசைச்சிதைவு உள்ள சிறுவர்களுக்கு நாக்கும் தாடைத் தசையும் பெருத்துக் காணும். நாக்குத் தசையில் ஓயாத சின்னச் சின்னத் துடிப்புகள் ஒலிப்படத்தில் தெரிந்தால், இயக்க நரம்புகள் அழியும் நோயை நினைக்க வேண்டியிருக்கும். எந்தத் தசை கெட்டிருக்கிறது என்பதைப் போலவே எது கெடவில்லை என்பதும் சாட்சி சொல்கிறது. கடைசித் தீர்ப்பு மரபணுச் சோதனையுடையது. ஆனால் எந்த மரபணுவைத் தேடுவது என்பதைப் படம் காட்டிக்கொடுக்கும்.

படம் ஒன்றுமே காட்டாத நோயும் உண்டு. மயஸ்தீனியா கிராவிஸில் தசை நன்றாகவே இருக்கிறது, நரம்பு தசையோடு சேரும் சந்திப்பில் உடம்பின் எதிர்ப்புப் புரதங்களே வாசலை அடைத்துவிடுகின்றன. காலையில் திறந்திருக்கும் இமை சாயங்காலம் விழுந்துவிடும். மென்று கொண்டிருக்கும்போதே தாடை சோர்ந்துபோகும். இவர்களுக்கு ஆரம்பத்தில் முகத்தை ஸ்கேன் செய்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அதை வைத்து, "உனக்கு ஒன்றுமில்லை, மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் அது பெரிய அநியாயம். இமையின் மேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்துப் பார்த்தால் விழுந்த இமை எழுவது பலருக்கு உண்டு, செலவே இல்லாத சோதனை. இந்த நோயில் முக்கியமாகப் படம் எடுக்க வேண்டியது மார்பை. பத்துப் பதினைந்து சதவீதம் பேருக்கு மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும், சிடி ஸ்கேன் அதைக் கண்டுபிடிக்கும். 2001இல் மஸ்க் என்ற இன்னொரு புரதத்தைத் தாக்கும் வகையையும் கண்டார்கள். அந்த வகையில் காலப்போக்கில் முகமும் நாக்கும் உண்மையிலேயே மெலிந்து கொழுப்பேறுகின்றன. அப்போது படம் மறுபடி தேவைப்படும்.

முகம் பார்த்து மனிதரை ஒதுக்கிய பழைய கதை ஒன்று எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது. செரண்டாவிலிருந்து தெற்கே சற்றுத் தூரத்தில் சுங்கை பூலோ. 1930இல் அங்கே தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பைத் திறந்தார்கள். தொழுநோய்க் கிருமி முக நரம்பின் கிளையைத் தாக்கினால் கண்ணை மூடும் தசை செயலிழக்கும். மூடாத கண்ணில் தூசி விழும், விழி காய்ந்து புண்ணாகும், பார்வையே போய்விடும். அந்தக் காலத்தில் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. 2009இல் ஹைதராபாத்தில் தொழுநோயாளிகளின் கை கால் நரம்புகளை உயர் நுட்ப ஒலிப்படத்தில் பார்த்து, விரலுக்கு எட்டாத வீக்கத்தையும் காண முடியும் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் நொர்தீனா ஷஹ்ரிசைலாவின் குழு கியான்-பாரே நோயில் நரம்புகள் வாரத்துக்கு வாரம் எப்படி மாறுகின்றன என்பதை ஒலிப்படத்தில் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்டது. இரு பக்க முகத் தசைகளையும் ஒரே நேரத்தில் தளரச் செய்யக்கூடிய நோய்தான் கியான்-பாரேயும். ஆகவே நரம்பையும் தசையையும் ஒலியால் படிக்கும் கலை கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே வேர் பிடித்திருக்கிறது. முகத்துக்கு அதை நீட்டுவதில் பெரிய மதில் எதுவும் இல்லை.

சின்ன மதில்கள் இருக்கின்றன. முனையைக் கொஞ்சம் அழுத்தினாலே மெல்லிய தசை நசுங்கி அளவு குறையும். முனை சற்றுச் சாய்ந்தால் சாம்பல் நிறம் மாறும். வயது ஏற ஏற நலமான தசையும் வெளுக்கும். ஒரு நிறுவனத்தின் கருவியில் எடுத்த எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நலமானவரின் சராசரி என்று இன்று புழங்கும் எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய முகங்களிலிருந்து எடுத்தவை. தமிழர், மலாய்க்காரர், சீனர், ஓராங் அஸ்லி ஆகியோரின் கன்னத் தடிமனும் கொழுப்பும் அவற்றோடு ஒத்துப்போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. நலமான பெரியவர்களை எல்லா வயதிலும் கொஞ்சம் கொஞ்சமாக அழைத்து, ஒரே கருவியில் அளந்து, நமக்கென்று ஒரு சராசரியை உண்டாக்க வேண்டும். இதற்குக் கோடிகள் வேண்டாம். ஒரு முனை, பயிற்சி பெற்ற ஒருவர், பொறுமை. தோட்டத்துக் கோயில் மண்டபத்தில்கூட இந்த வேலையைச் செய்யலாம்.

அளந்து என்ன பயன், மருந்துதான் இல்லையே என்ற கேள்வி நியாயமானது. எஃப்எஸ்எச்டிக்கு நம்பிக்கை தந்த லாஸ்மாபிமோட் என்ற மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வு 2024 செப்டம்பரில் இலக்கை எட்டவில்லை. ஆண்டுக்கு ஒரு சிறு அளவே மாறும் நோயில், மருந்து வேலை செய்கிறதா என்று காட்ட மிக நுட்பமான அளவுகோல்கள் வேண்டும். அடுத்தடுத்து வரும் மருந்துகளைச் சோதிக்க அவை தயாராக இருக்க வேண்டும், முகத்துக்கும் சேர்த்து. ஆனால் மருந்துக்குக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியவை நிறைய. கண்ணை மூடும் தசை வலுவிழந்தவருக்கு இரவில் கண் களிம்பும், தூங்கும்போது இமையை ஒட்டிவிடும் டேப்பும் பார்வையைக் காப்பாற்றும். மெல்லும் தசையும் தொண்டையும் தளர்ந்தவருக்கு உணவின் பக்குவத்தை மாற்றினால் புரையேறி நிமோனியா வருவதைத் தவிர்க்கலாம். மையோட்டானிக் நோய் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆண்டுதோறும் ஈசிஜி எடுத்து இதயத்தைக் காவல் காக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் போகுமுன் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இவர்களுக்குச் சாதாரண அளவு மயக்க மருந்தே மூச்சைத் திணறடிக்கக்கூடும். சின்னப் பல் அறுவைக்குப் போனவர் தீவிரப் பிரிவில் முடிவது இந்த ஒரு தகவல் இல்லாமையால்தான்.

ஆகவே செரண்டாவிலும் சரி, கோல சிலாங்கூர்த் தோட்டங்களிலும் சரி, இதில் தன்னையோ தன் வீட்டாரையோ அடையாளம் கண்டவர்கள் செய்ய வேண்டியது எளிது. அரசு கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட், மேல்மருத்துவமனை நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். தோள் வலி, கை இறுக்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், பலூன் ஊத வராததையும் கண் மூடாமல் தூங்குவதையும் சாயங்காலம் இமை விழுவதையும் சொல்லுங்கள். பழைய படங்களை எடுத்துக்கொண்டு போங்கள். பள்ளி வகுப்புப் படம், அடையாள அட்டைப் படம், அப்பா அம்மாவின் கல்யாணப் படம், தாத்தா பாட்டி படம் கிடைத்தால் அதுவும். எந்த வயதில் முகம் மாறத் தொடங்கியது, யாரிடமிருந்து வந்தது என்பதை நரம்பியல் நிபுணர் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடுவார். அவர் ஸ்கேனுக்கும் மரபணுச் சோதனைக்கும் எழுதிக் கொடுத்தால், கூடப் பிறந்தவர்களையும் அழைத்துப் போங்கள். நோய் இன்னும் வெளியே தெரியாதவர்களும் அவர்களில் இருக்கலாம். அப்படி ஒருவரின் முகத்தில் எந்தத் தசை முதலில் வெளுக்கிறது என்பதைத்தான் ஆய்வாளர்கள் இப்போது தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள்.